தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு போகவில்லை: டி3 சேர்க்கலாமா, சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

கேள்வியின் சாரம்: பெண், வயது 43, எடை 62 கிலோ. ஹாஷிமோட்டோ வகைத் தைராய்டு குறைபாடு. ஆறு ஆண்டுகளாகத் தினமும் 100 மைக்ரோகிராம் மாத்திரை. கடைசியாகப் பார்த்த டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 2.8. ரிப்போர்ட் நார்மல் என்கிறார் டாக்டர். ஆனால் மதியத்துக்கு மேல் உடம்பு அசைய மறுக்கிறது. முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மறதி. டி3 ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள் சிலர். உணவை மாற்றினால் மாத்திரையே தேவையில்லை என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஹாஷிமோட்டோவில் நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி அழிக்கிறது. நாளுக்கு 100 மைக்ரோகிராம் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்ட சுரப்பியை எந்த உணவும் மீட்டுத் தராது. தயவுசெய்து மாத்திரையை நிறுத்திப் பார்க்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மாத்திரையில் உள்ள டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அந்த இரண்டு வாரத்தை வைத்துத்தான் பலர் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு வரும் வீக்கமும் மந்தமும் மெல்ல வருவதால் காரணம் பிடிபடுவதில்லை.

டி3 சேர்ப்பது ஏமாற்று வைத்தியம் இல்லை. ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் சில இருக்கின்றன. அவற்றிலேயே பெரும்பாலோரின் சோர்வு பாதி குறைந்துவிடும்.

ஏன் என்று புரிய ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நீங்கள் போடுவது தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் எதுவானாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்சின், அதாவது டி4. நான்கு அயோடின் அணுக்கள் ஒட்டிய ஹார்மோன். இது கிட்டத்தட்ட சேமிப்புச் சரக்கு. செல்லுக்குள் போய் வேலை செய்வது, அதிலிருந்து ஓர் அயோடின் கழன்ற டி3. ஆரோக்கியமான சுரப்பி டி4ஐத்தான் பெருமளவு சுரக்கிறது, டி3ஐ நேரடியாகக் கொஞ்சம்தான் தருகிறது. உடம்பில் ஒரு நாளில் உருவாகும் டி3யில் சுமார் 80 சதவீதம் கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4 மாறி வருவதுதான். மீதி 20 சதவீதத்தைச் சுரப்பியே கொடுத்துவந்தது. சுரப்பி செத்த பிறகு டி4 மாத்திரை மட்டும் போடுபவருக்கு அந்த நேரடிப் பங்கு கிடைப்பதில்லை. எல்லாம் மாற்றத்தை நம்பியே நடக்கிறது. டி4ஓடு டி3யும் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சைக்கு ஆதரவான வாதத்தின் வேர் இதுதான். நியாயமான வாதம்.

ஆனால் அதே காரணத்தால், அந்த மாற்றம் சரியாக நடக்கிறதா, அதற்கு முன் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்க்காமல் டி3 வாங்குவது, குழாயில் ஓட்டை இருக்க மோட்டாரை மாற்றுவது போல.

மாத்திரை உள்ளே போகிறதா?

வெறும் வயிற்றில் போட்டாலே லெவோதைராக்சினில் 60 முதல் 80 சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படும். அதைக் குறைக்கும் பழக்கங்கள் நம் வீட்டுக் காலையில் வரிசையாக இருக்கின்றன.

முதல் குற்றவாளி காபி. மாத்திரையை வாயில் போட்டு, அடுப்பில் பால் பொங்குவதற்குள் டிகாக்ஷன் கலந்து குடித்துவிடும் வீடுகள் எத்தனையோ. காபி தானே உறிஞ்சுதலைக் குறைக்கும். அதில் சேரும் பாலில் உள்ள கால்சியம் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். டீயும் பாலோடு அப்படித்தான். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். முடியவே முடியாது என்றால் அரை மணி, அதற்குக் கீழே வேண்டாம். வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். காலையில் ஊறவைத்த வெந்தயம், கறிவேப்பிலை ஜூஸ், சீரகத் தண்ணீர், ஊறவைத்த பாதாம் என்று எது இருந்தாலும் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான்.

இரண்டாவது, இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். இவை டி4ஓடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு, உறிஞ்ச முடியாத பொருளாக்கிவிடும். இவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல்லுக்கும், மலச்சிக்கலுக்குப் போடும் இசப்கோலுக்கும் இதே நான்கு மணி நேரம். இசப்கோலைத் தனியாகச் சொல்லக் காரணம், தைராய்டு குறைந்ததால்தான் மலச்சிக்கல் வருகிறது, அதற்குப் போடும் நாரே மாத்திரையைப் பிடித்துக்கொண்டு தைராய்டை இன்னும் குறைக்கிறது. இந்தச் சுழலைப் பலர் கவனிப்பதேயில்லை.

மூன்றாவது, பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் போன்ற வயிற்று அமில மாத்திரைகள். லெவோதைராக்சின் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். மாதக்கணக்கில் இவற்றை எடுப்பவருக்கு, அதே டோஸில் டி.எஸ்.எச். ஏறும். இடைவெளி விட்டால் இது தீராது, ஏனென்றால் அமிலம் நாள் முழுக்கக் குறைந்தே இருக்கும். அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று கேட்டு நிறுத்த வேண்டும், அல்லது டி4 டோஸைக் கூட்ட வேண்டும்.

காலை நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் இரவில் போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது. எட்டரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பவருக்கு இது நன்றாகவே பொருந்தும். இரண்டில் எது என்று முடிவு செய்துகொண்டு அதையே தொடருங்கள்.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. டி4க்கு வெயில், ஈரம், சூடு ஆகாது. அடுப்புக்கு மேல் அலமாரி, குளியலறை, ஜன்னல் விளிம்பு வேண்டாம். வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு கட்டம் போட்ட டப்பாவில் பிரித்து வைப்பதும் இதற்கு மட்டும் நல்லதில்லை. வந்த பாட்டிலிலேயே மூடி வையுங்கள். ஒரு கம்பெனி மருந்தில் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் கடைக்காரர் வேறு கம்பெனியை எடுத்துத் தரும்போது ஏற்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? அன்றைக்கே வயிறு காலியாக இருக்கும் நேரம் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகப் போட்டாலும் டி4ஐப் பொறுத்தவரை பெரும்பாலோருக்குப் பாதகமில்லை, அதன் ஆயுள் அவ்வளவு நீளம். இதய நோயாளிகள் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. இந்தச் சலுகை டி3க்குக் கிடையாது. அதைக் கீழே சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை நம்பும் முன்

ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைப் போடாமல் போங்கள், கொடுத்துவிட்டுப் போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பெரும்பாலான மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். பல லேப் கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். தைராய்டு குறைவாக இருக்கும் ஒருவருக்கு டோஸ் அதிகம் என்று பொய்யாகத் தெரியும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். டோஸ் அதிகமான பயோட்டின் என்றால் இன்னும் சில நாள் கூடுதலாக.

உங்கள் 2.8 நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது. 62 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று போட்டால் 99. ஆகவே 100 என்பது கணக்குப்படி சரியான டோஸ். 112க்கு ஏற்றி டி.எஸ்.எச்.ஐ ஒன்றுக்குப் பக்கம் கொண்டுவந்தால் சிலர் தேவலை என்பார்கள். ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருமுறை முயன்று பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதிலேயே அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

அதைவிட முக்கியம், சோர்வுக்குத் தைராய்டு தவிர வேறு காரணம் உண்டா என்று பார்ப்பது. 43 வயதுப் பெண்ணுக்கு முதலில் கேட்க வேண்டியது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் 12 என்று இருந்தாலும் இரும்பின் கையிருப்பான ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் முடி கொட்டும், மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். தைராய்டு குறைந்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும். அதனால் இரும்பு குறையும். இரும்பு குறைந்தால் தைராய்டு ஹார்மோனைச் செய்யும் நொதியே தடுமாறும், அதன் மையத்தில் இருப்பது இரும்பு. இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுக்கும். இதோடு வைட்டமின் பி12 கேளுங்கள். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வயிற்றின் சுவரையும் எதிர்ப்புச் சக்தி தாக்கும், அப்போது பி12 உறிஞ்சப்படாது, இரும்பும் குறையும், தைராய்டு மாத்திரையின் தேவையும் ஏறும். சைவம் மட்டும் சாப்பிடுபவருக்குச் சொல்லவே வேண்டாம். வைட்டமின் டி, சர்க்கரை, குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றையும் வரிசையாகப் பாருங்கள். எடை கூடிக்கொண்டே போகிறது, காலையில் எழுந்ததும் தலைவலி, பகலில் உட்கார்ந்தால் தூக்கம் என்றால் தூக்கப் பரிசோதனைதான் வேண்டும், டி3 இல்லை.

இன்னொன்று அரிது, ஆனால் ஆபத்து. எடை குறைந்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து, எழுந்தால் கண் இருட்டி, உப்புக்கு ஆசைப்பட்டு, தோல் கறுத்துவருகிறது என்றால் அட்ரினல் சுரப்பி குறைந்திருக்கலாம். அதைச் சரி செய்யாமல் தைராய்டு டோஸைக் கூட்டவோ டி3 சேர்க்கவோ கூடாது. உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைக் காலை எட்டு மணிக்குப் பரிசோதித்தால் வழி தெரியும்.

சாப்பாடு: எது உதவும், எது வீண்

அயோடினிலிருந்து தொடங்குவோம், அதில்தான் குழப்பம் அதிகம். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. இந்தியாவில் 2006 முதல், சாப்பிடுவதற்கான அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்குத் தடை உண்டு. நம் கைக்கு வரும்போது உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். அதன்படி பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். தமிழ்நாட்டு வீடுகளில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் கல் உப்பு போடும் பழக்கம் உண்டு; பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று எழுதாத கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. வீட்டில் குழந்தைகளும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களும் இருந்தால் இதை இன்றே மாற்றுங்கள். அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. மூடிய டப்பாவில் வையுங்கள், கொதித்து இறக்கும் நேரத்தில் சேருங்கள்.

ஆனால் முழு டோஸ் மாத்திரையில் இருக்கும் உங்களுக்குக் கூடுதல் அயோடின் எதற்கும் உதவாது. டி4 எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் அயோடின்தான். 100 மைக்ரோகிராம் மாத்திரையே 65 மைக்ரோகிராம் அயோடினைக் கொண்டுவருகிறது. கடற்பாசி மாத்திரை, கெல்ப் பொடி என்று இணையத்தில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அயோடின் மிதமிஞ்சினால் சுரப்பி வேலையை நிறுத்திக்கொள்ளும். ஹாஷிமோட்டோவில் அழற்சியும் கூடும். தைராய்டு சப்போர்ட் என்ற பெயரில் வரும் சில மாத்திரைகளில் உண்மையான டி3, டி4 ஹார்மோன் இருந்ததும் பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. அவை சுறுசுறுப்பாக உணர வைப்பதன் ரகசியம் அதுதான்.

செலினியம் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டியது. டி4இல் இருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கும் நொதிகள் செலினியம் இல்லாமல் இயங்காது. நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும். மத்தி, சூரை, நெத்திலி, இறால், முட்டை, கோழிக்கறி இவற்றில் தாராளமாக உண்டு. வாரத்தில் மூன்று நாள் மீனும் தினம் ஒரு முட்டையும் சாப்பிடுபவருக்குத் தனி மாத்திரை தேவைப்படாது. தானியத்திலும் பருப்பிலும் மண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். செலினியம் மாத்திரை ஹாஷிமோட்டோவில் தைராய்டுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடிகளைக் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டின. ஆனால் அதனால் மாத்திரையின் டோஸ் குறைந்ததாகவோ சோர்வு போனதாகவோ உறுதியாக நிரூபணமாகவில்லை. பிரேசில் நட்ஸ் சாப்பிடுபவர்கள் ஒன்றோடு நிறுத்துங்கள். ஒரே கொட்டையில் நாளுக்கு வேண்டியதைவிட அதிகம் இருக்கலாம். நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் முடி கொட்டும், நகம் உடையும். முடிக்காகச் சாப்பிட ஆரம்பித்தவருக்கு இதைவிட வருத்தமான முடிவு இல்லை.

முட்டைகோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் பட்டியல் கொடுப்பார்கள். வேகவைத்தால் அவற்றின் தைராய்டைத் தடுக்கும் தன்மை பெருமளவு போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் முட்டைகோஸ் பொரியலால் ஒன்றும் ஆகாது. பச்சையாக அரைத்துத் தினம் குடிப்பதுதான் வேண்டாம். உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டு: மரவள்ளிக்கிழங்கும் கம்பும். மரவள்ளியிலிருந்து உடம்பில் உருவாகும் தயோசயனேட், சுரப்பிக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். கம்பே முக்கிய உணவாக இருந்த சூடானின் சில பகுதிகளில் கழுத்துக் கழலை மிகுந்திருந்ததற்குக் கம்பில் உள்ள ஃப்ளேவனாய்டுகளும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அவை வேகவைப்பதால் போகாது. இதற்காகக் கம்பங்கூழைக் கைவிட வேண்டியதில்லை. மூன்று வேளையும் அதுவாகவே இருந்து, உப்பிலும் அயோடின் இல்லாவிட்டால்தான் பிரச்சினை. முழு டோஸ் மாத்திரையில் இருப்பவருக்கு அந்தக் கவலையும் குறைவு, ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறது அல்லவா? சோயாவுக்கும் இதே பதில்: சாப்பிடலாம், மாத்திரையிலிருந்து தள்ளி.

இன்னொரு பெரிய தவறு, எடை குறைக்கப் பட்டினி கிடப்பது. உடம்புக்குக் கலோரியும் மாவுச்சத்தும் திடீரென்று குறைந்தால், அது டி4ஐ டி3 ஆக்குவதைக் குறைத்துக்கொண்டு, வேலைக்கு உதவாத தலைகீழ் டி3 ஆக மாற்றும். செலவைச் சுருக்கும் ஏற்பாடு அது. நாளுக்கு 800 கலோரி சாப்பிட்டுக்கொண்டு டி3 குறைவாக இருக்கிறது என்று மாத்திரை தேடுபவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் நீர் கணிசம். மீதியைக் குறைக்க ஒவ்வொரு வேளையிலும் புரதம் வையுங்கள். உங்கள் எடைக்கு நாளுக்கு 60 கிராம் பக்கம் நல்ல இலக்கு: காலை இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ மீனோ, மாலையில் சுண்டல், இரவில் தயிரோ பனீரோ. இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் புரதம் மிகச் சொற்பம். பதினொரு மணிக்கே கை பிஸ்கட்டைத் தேடும்.

இரும்புக்கு முருங்கைக்கீரை, எள், சுவரொட்டி, ஈரல், கருவாடு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைவு என்றால் கீரையால் மட்டும் நிரம்பாது, மாத்திரை வேண்டும். அப்போது ஒரு நாள் இப்படி ஓடலாம்: காலை 5.30க்குத் தைராய்டு மாத்திரை, 6.30க்குக் காபி, 8 மணிக்குச் சாப்பாடு, 11 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம். இரும்பும் கால்சியமும் ஒன்றோடொன்றும் சேரக் கூடாது என்பதால் இந்தப் பிரிவு.

இவ்வளவையும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்யுங்கள். பிறகும் டி.எஸ்.எச். சரியாக இருந்து, மற்ற பரிசோதனைகளும் சரியாக இருந்து, சோர்வு மட்டும் அப்படியே இருந்தால், டி3 பற்றிப் பேசும் தகுதி வந்துவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இப்படித் தவிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்கள் சொல்வது மனப்பிரமை இல்லை.

டி3: எவ்வளவு, எப்படி

இது புதிய யோசனையும் இல்லை. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தச் சாற்றில் டி4, டி3 இரண்டும் இருந்தன. டி3 என்று ஒன்று இருப்பதே 1952இல்தான் தெரிந்தது. 1970இல் டி4 உடம்பிலேயே டி3 ஆகிறது என்று நிரூபணமானதும், டி4 மட்டும் போதும் என்று உலகம் முடிவு செய்தது. 1999இல் 33 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் 50 மைக்ரோகிராம் டி4ஐக் குறைத்து அதற்குப் பதில் 12.5 டி3 கொடுத்தபோது மனநிலை தேறியது. அங்கிருந்து விவாதம் மீண்டும் தொடங்கியது. பிறகு 11 ஆய்வுகளை, 1,216 பேரை, 2006இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியில் வித்தியாசம் இல்லை. ஆனால் எந்த மாத்திரை என்று தெரியாமலே போட்டவர்களில் கூட்டு மருந்தை விரும்பியவர்கள் சில ஆய்வுகளில் அதிகமாக இருந்தார்கள். எல்லோருக்கும் உதவாத, ஒரு சிலருக்கு உதவக்கூடிய மருந்து என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று இல்லை. ஆகவே அளவோடு, கெடு வைத்து முயன்று பார்ப்பதுதான் வழி.

2012இல் ஐரோப்பியத் தைராய்டு சங்கம் கொடுத்த கணக்கு எளிது. இப்போதைய டி4 டோஸை 20ஆல் வகுத்தால் டி3. அந்த டி3யை மூன்றால் பெருக்கி டி4இல் கழிக்க வேண்டும், ஏனென்றால் 1 மைக்ரோகிராம் டி3 ஏறக்குறைய 3 மைக்ரோகிராம் டி4க்குச் சமம். உங்கள் 100க்கு டி3 5, டி4 85. 85 கிடைக்காது, 88 கிடைக்கும். 88க்கு 5 என்பது ஏறக்குறைய பதினேழரைக்கு ஒன்று. 13 முதல் 20க்கு ஒன்று வரைதான் மனிதச் சுரப்பிக்கு நெருக்கமான விகிதம். பன்றியின் உலர்ந்த சுரப்பியில் செய்யும் மாத்திரையில் இது நாலேகாலுக்கு ஒன்று, நமக்கு டி3 மிக அதிகம். கூடவே 100ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேலே 5, 10 என்று சேர்ப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முதல் வாரம் பறப்பது போல இருக்கும், இரண்டாம் மாதம் நெஞ்சு படபடக்கும்.

டி3யின் பெயர் லியோதைரோனின். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. 5 மைக்ரோகிராம் மாத்திரை கிடைத்தால் நல்லது. 20 மட்டும் கிடைத்தால் கால் பாகமாக வெட்ட வேண்டும். கத்தியால் வெட்டினால் பாதி சரியாக வரும், கால் உதிரும். ஒரு துண்டு பருத்தும் ஒன்று மெலிந்தும் தட்டில் கொஞ்சம் பொடியும் நிற்கும். ஒரு நாள் 3, மறுநாள் 7 என்று போகும். மாத்திரை வெட்டும் சிறு டப்பா வாங்குங்கள். ஒரு மாத்திரையின் நான்கு துண்டுகளையும் அடுத்தடுத்த நான்கு நாளில் முடித்துவிட்டுத்தான் அடுத்த மாத்திரையை வெட்ட வேண்டும். நாலு நாள் சராசரியாவது சரியாக நிற்கும். 25 மைக்ரோகிராம் மாத்திரையின் கால் என்பது 6.25, அதுவும் பரவாயில்லை. பொடி செய்து எடை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறிப்போய் ஆயிரம் மடங்கு டோஸில் நோயாளிகள் தீவிர சிகிச்சைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

டி3 குடலில் வேகமாக ஏறி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, ஒரு நாளில் பாதியாகும். டோஸ் 7.5, 10 என்று இருந்தால் இரண்டாகப் பிரித்துக் காலையிலும் படுக்கும் முன்பும் போடச் சொல்வது இதனால்தான். 5 மட்டும் என்றால் காலையில் டி4ஓடு ஒரே தடவை போதும். மறந்துவிட்டால் மறந்ததுதான், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கும் டி4, டி3) பாருங்கள். காலையில், மாத்திரைக்கு முன். ஃப்ரீ டி4 முன்பைவிடக் குறைந்திருக்கும். அது எதிர்பார்த்ததுதான், அதைப் பார்த்து டி4ஐ ஏற்ற வேண்டாம். டி.எஸ்.எச். நார்மலுக்குள் நிற்க வேண்டும். 0.1க்குக் கீழே போனால் டோஸ் அதிகம். சுறுசுறுப்பாகத்தானே இருக்கிறது என்று அங்கேயே விட்டால், காலப்போக்கில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு கரையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. ஓய்வில் இருக்கும்போது நாடி 90க்கு மேல் நிற்பது, கை நடுக்கம், தூக்கம் கெடுவது, வயிறு இளகிப் போவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் ரிப்போர்ட்டுக்கு முன்பே வரும் அறிகுறிகள். நெஞ்சுவலியோ தாறுமாறான துடிப்போ வந்தால் டி3யை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்போ துடிப்புக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்த முயற்சி வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், அதற்கு முயல்பவர்களுக்கும் நிச்சயம் வேண்டாம். குழந்தையின் மூளை ஆரம்ப மாதங்களில் தாயின் டி4ஐத்தான் எடுத்துக்கொள்கிறது, டி3யை அல்ல. கூட்டு மருந்தில் தாயின் டி4 குறைந்திருப்பது அங்கே நேரடி நஷ்டம். உங்களுக்கு மாதவிடாய் இன்னும் வருகிறது என்றால் இதை மனதில் வையுங்கள். நாள் தள்ளிப்போனால் டி3யை நிறுத்தி, பழைய டி4 டோஸுக்கு வந்து, அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கர்ப்பம் உறுதியானால் டி4 டோஸையே 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டிவரும். வாரத்தில் ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்பது அந்தக் கணக்குதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டில் நான்கே விஷயத்தை எழுதி வையுங்கள்: காலையில் எழுந்ததும் உடம்பு எப்படி, மதியம் எப்படி, மலம் வாரத்தில் எத்தனை நாள், ஓய்வு நாடி எவ்வளவு. ஒவ்வொரு ஞாயிறும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். டி.எஸ்.எச். ஒழுங்காக நிற்கும் டோஸில் மூன்று மாதம் முடிந்ததும், நோட்டைத் திறந்து முதல் வாரத்தோடு பாருங்கள். முதல் பத்து நாள் உற்சாகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்கள் தெளிவாக ஏறியிருந்தால் தொடரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும், வருடத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி.யும் பார்த்துக்கொண்டு. ஏறவில்லை என்றால் டி3யை நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை: அடுத்த நாள் காலையில் 88க்குப் பதில் பழைய 100, ஆறு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச்.